மருதேவி அக்காவின் ஐஸ் டீ

சித்திரை பிறந்துவிட்டால் செஞ்சியில் பொழுது சாய்ந்த பிறகும் பாறை விடும் சூடு தெருவுக்குள் வரும். அந்த வெயிலிலும் எங்கள் தெருவில் பச்சையாக இருந்தது மருதேவி அக்காவின் தோட்டம் ஒன்றுதான். கிணற்றடியில் புதினா, அதற்கப்பால் எலுமிச்சைப்புல். கணவர் புஷ்பதந்தன் மணிலாக்கொட்டை வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போய்விடுவார்.

அக்கா ஜைன வீட்டுப் பெண். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் அடுப்பில் வைப்பார். பிறகு அந்தத் துணியைக் கிணற்றுக்குள்ளேயே அலசுவார்; ஒட்டிய உயிர்கள் இருந்த இடத்துக்கே திரும்ப வேண்டுமே. இருட்டிவிட்டால் சாப்பாடு கிடையாது. இஞ்சி மண்ணுக்குள் விளைவது என்பதால் அவர் டீயில் சேராது. கொஞ்சம் தேயிலை, இரண்டு கைப்பிடி இலை, பனைவெல்லம், ஆறியபின் எலுமிச்சைச் சாறு.

அறுபத்து நான்காம் வருஷம் அடுத்த வீட்டு அம்மாக்கண்ணுவுக்கு மூன்று மாதம். எது குடித்தாலும் வாந்தி. முந்தைய தடவை இப்படித் துவண்டுதான் கரு கலைந்தது. நாளைக்கும் ஒன்றும் தங்காவிட்டால் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் டீ கொஞ்சம் இறங்கியது. சிறிது நேரத்தில் அதுவும் வந்துவிட்டது.

“ஜில்லுனு இருந்தா நிக்கும்க்கா” என்றாள் அம்மாக்கண்ணு.

அவள் கணவன் விநாயகம் திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர். அன்றே ஐஸ்கட்டி வாங்கிவந்தான். எந்தத் தண்ணீரோ என்று அக்கா அதைத் தொடவில்லை.

“உங்க டம்ளர்ல நீயே போட்டுக் குடுப்பா. நான் வேணாங்கல.”

போட்டுக் கொடுத்தான். ஐஸில் மரத்தூள் வாடை. குடித்ததெல்லாம் வெளியே வந்தது. அக்கா எழுந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வெயில் முளைத்ததும் டீ போட்டு, தூக்குப் பாத்திரம் நிறைய ஊற்றி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி விநாயகத்திடம் நீட்டினார்.

“ஐஸ் கம்பெனில இந்த டீயவே ஐஸாக்கித் தரச் சொல்லு.”

“என்னைய லூசும்பாங்கக்கா.”

“சொல்லிட்டுப் போறாங்க. மூடியத் தெறக்கக்கூடாது.”

சாயங்கால பஸ் வரவில்லை. அம்மாக்கண்ணு அக்காவின் கையைப் பிடித்தபடியே படுத்திருந்தாள். வெயில் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கியது. வடித்த சோறு அக்கா வீட்டில் மூடியபடியே இருந்தது. கையை உருவிக்கொண்டு எழுந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை.

இருட்டிய பிறகுதான் விநாயகம் தூக்கைப் புதைத்த உமி மூட்டையோடு ஓடிவந்தான். “சாராயமான்னு போலீஸ் புடிச்சி வச்சிகிச்சிக்கா! மூட்டையப் பிரிச்சி மோந்து பாத்துட்டு, ‘இன்னாய்யா, புதினா மணக்குது, எனக்கில்லியா’ங்குறாரு!”

டீ உறைந்து மூடியை மேலே தள்ளியிருந்தது. அக்கா கரண்டிக்காம்பால் தட்டி, ஒரு சில்லை அம்மாக்கண்ணு வாயில் வைத்தார். விநாயகம் வாந்தி எடுக்கும் சட்டியைக் கையில் ஏந்தி நின்றான். சில்லு கரைந்தது. இன்னொன்று கேட்டாள். அதுவும் தங்கியது.

“சட்டிய அந்தாண்ட வைய்யா, பாத்தாலே கொமட்டுது” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “கஞ்சி இருக்குதா?” என்றாள்.

விநாயகம் கஞ்சி கொண்டுவர, இரண்டு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நீ சாப்டியாக்கா?”

தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“எனக்குக் காலைல இருக்குது. நீ குடி.”

விநாயகம் மிச்ச ஐஸைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, மூடி நெளிந்த தூக்கைக் கழுவ எடுத்துப் போனான். காலை பஸ்ஸுக்கு அது வேண்டும்.