குடும்மா, தா

என் கணவரின் மூத்த மகளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவளுடைய அம்மா இறந்துவிட்டார். அவளுக்குப் பதினொன்று ஆனபோது நான் அந்த வீட்டுக்குப் போனேன். எனக்கும் ஒரு மகள் இருந்தாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. என் முதல் கணவர் கொழும்புக்கு வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்தவர். பிறகு எனக்கும் இப்போதைய கணவருக்கும் ஒரு பெண் பிறந்தது. ஆக மூன்று பெண்கள். பெரியவள் அவருக்குப் பிறந்தவள், நடுவள் எனக்கு, சின்னவள் இருவருக்கும். இப்படிப் பிரித்துச் சொல்லக் கூடாது என்பார்கள். வாயால் நான் சொல்வதில்லை. எழுதும்போது சொல்லாவிட்டால் யாருக்கும் விளங்காது.

வீடு கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில், மேட்டில். இரண்டு அறை. கணவர் கீழே டவுனில் இரும்புச் சாமான் கடையில் நிற்கிறார். நான் கண்டியில் ஒரு ஹோட்டலில் துணி அயன் பண்ணுகிறேன். கட்டில் விரிப்பு, தலையணை உறை, துவாய். நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. சாயங்காலம் பஸ்ஸில் இறங்கும்போது கால் வீங்கிச் செருப்பு இறுகிப்போயிருக்கும். அந்தக் காலோடு மேடு ஏறவேண்டும். ஏறி வந்தால் மூன்று பேரின் உடுப்பு ஊறிக் கிடக்கும். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

பெரியவள் எனக்கு எதிரி இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். எதிர்த்துப் பேசமாட்டாள், கதவை அடிக்கமாட்டாள். ஆனால் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். அம்மா என்று வராது, அது சரி. சித்தி என்று கூப்பிடலாம் என்றால் அவளுக்கு ஏற்கெனவே ஒரு சித்தி இருந்தாள். இறந்த அம்மாவின் தங்கை, புசல்லாவையில். அந்த இடமும் காலியில்லை. அதனால் என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் நடுவளிடம் சொல்லி அனுப்புவாள்.

"ஒங்கம்மாகிட்ட கேளு, என் வெள்ளைச் சட்டை காஞ்சிருச்சானு."

நான் பக்கத்தில்தான் நிற்பேன். நடுவள் என் பக்கம் திரும்பி, "அம்மா, அக்கா சட்டை காஞ்சிருச்சா?" என்பாள்.

"காஞ்சிருச்சுனு சொல்லு."

"காஞ்சிருச்சாம் அக்கா."

மூன்று பேரும் ஒரே குசினிக்குள், அடுப்படியில். நாலு வருஷம் இப்படிப் போனது.

புசல்லாவைச் சித்திக்குப் பிள்ளை இல்லை. மெயின் ரோட்டில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தேயிலைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். ஒவ்வொரு லீவுக்கும் வருவாள். வரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். பிள்ளையை என்னோடு அனுப்புங்கள், அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது, நான் வளர்க்கிறேன். கணவர் பதில் சொல்லத் தெரியாதவர். "அவ இஷ்டம்" என்பார். பெரியவள் ஆமாம் என்றும் சொல்லமாட்டாள், இல்லை என்றும் சொல்லமாட்டாள். சித்தி போன பிறகு இரண்டு நாளைக்குச் சரியாகச் சாப்பிடமாட்டாள். அடுத்த லீவுக்குப் போய்விடுவாளோ என்று எனக்கு இருக்கும். கேட்டதில்லை.

உண்மையைச் சொன்னால், சில நாள் காலையில் அவள் போனால்தான் என்ன என்றும் நினைத்திருக்கிறேன். பானையில் ஒரு கோப்பை அரிசி குறையும். கழுவுவதற்கு ஒரு யூனிஃபோர்ம் குறையும். களைப்பில் வருகிற நினைப்பு. மத்தியானம் துணியை மடித்துக்கொண்டிருக்கும்போது அதே நினைப்பு வந்தால் கை நின்றுவிடும்.

போன வருஷம் அவளுக்கு அடையாள அட்டை எடுக்கவேண்டி வந்தது. அது இல்லாமல் பதினொன்றாம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுத முடியாது. பிறப்புச் சான்றிதழ் பழசாகி மடிப்பில் கிழிந்திருந்தது. புதுப் பிரதி எடுத்து வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். கணவருக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. நான் அரைநாள் லீவு போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கச்சேரிக்கு, அரசாங்க ஆபீசுக்குப் போனேன்.

என் சிங்களம் வேலைச் சிங்களம். இக்மனட்ட என்றால் சீக்கிரம், ஹெட்ட என்றால் நாளைக்கு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பெரியவள் நன்றாகப் பேசுவாள், வாசிக்கவும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நான்தான் முன்னால் நின்றேன். கூட்டி வந்தவள் நான் இல்லையா.

மேசைக்குப் பின்னால் ஒரு சிங்களப் பெண். என் வயதுதான் இருக்கும். கிழிந்த சான்றிதழைப் பார்த்தாள். என் அடையாள அட்டையைப் பார்த்தாள். அதில் அம்மா பெயர் ஒன்று, இதில் என் பெயர் ஒன்று. விண்ணப்பத்தில் உறவு என்று ஒரு இடம் காலியாக இருந்தது. பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"குடம்மா த?"

எனக்கு அது "குடும்மா, தா" என்று கேட்டது. அட, தமிழில் கேட்கிறாளே என்று நினைத்தேன். எதையோ கொடுக்கச் சொல்கிறாள். கிராம சேவகர் கொடுத்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அதை ஒதுக்கி வைத்தாள். "நே, நே. குடம்மா த?"

பள்ளிக்கூடத்துக் கடிதத்தைக் கொடுத்தேன்.

"நே, அக்கே. குடம்மா த?"

கணவருடைய அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்தேன். கல்யாணப் பதிவைக் கொடுத்தேன். சின்னவளின் தடுப்பூசி அட்டையும் பைக்குள் கிடந்தது, அதையும் கொடுத்தேன். அந்தப் பெண் இரண்டு கையையும் விரித்தாள். எனக்குப் பதற்றமாகிவிட்டது. பின்னால் வரிசை நிற்கிறது. பையை அப்படியே தூக்கி மேசைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினேன். பைக்குள் சோற்றுப் பார்சலும் குடையும் இருந்தன.

பக்கத்தில் ஒரு சத்தம். பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று திரும்பினேன். சிரிக்கிறாள். அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அவங்க குடுக்கச் சொல்லல" என்றாள். நேராக என்னிடம் சொன்னாள். இடையில் ஆள் இல்லை.

"பின்ன என்னா கேக்குறாங்க?"

"குடம்மானா..." கொஞ்சம் நின்றாள். "அப்பாவோட ரெண்டாவது சம்சாரம். எனக்கு அப்புடி ஆளா நீங்கனு கேக்குறாங்க."

மாற்றாந்தாய் என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் வார்த்தையாம். இத்தனை வருஷம் கண்டிப் பக்கம் இருந்து எனக்குத் தெரியவில்லை. முகத்துக்கு நேரே யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"ஓவ்" என்று தலையாட்டினேன் அந்தப் பெண்ணிடம். "குடம்மா."

அவளும் சிரித்துவிட்டாள். எழுதினாள். பையைத் திருப்பித் தந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியவள் அதை நடுவளுக்கு நடித்துக் காட்டினாள். அவள்தான் ஆபீஸ்காரி, நடுவள்தான் நான். "குடும்மா, தா!" என்றால் நடுவள் ஒவ்வொரு சாமானாகக் கொண்டுவந்து கொடுப்பாள். அகப்பை, செருப்பு, பவுடர் டின். கடைசியில் சின்னவளைத் தூக்கிக் கொடுத்தாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சிரிக்கத் தெம்பு இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, குசினிக்கு வெளியே இருந்து ஒரு குரல்.

"குடும்மா, என் சட்டை காஞ்சிருச்சா?"

நடுவளிடம் சொல்லி அனுப்பவில்லை. "காஞ்சிருச்சு" என்றேன். அவ்வளவுதான். அதிலிருந்து அதுவே பழகிவிட்டது. கேலியாகத் தொடங்கினாள், பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றது. கணவருக்குப் பிடிக்கவில்லை. அவருக்குச் சிங்களம் தெரியும். "அது என்னா பேச்சு, அப்புடிக் கூப்புடாத" என்றார்.

"விடுங்க" என்றேன். "ஒண்ணும் இல்லாததுக்கு இது இருக்கட்டும்."

அடுத்த லீவுக்குச் சித்தி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. ஒரு பை கொய்யாப்பழம், ஒரு பார்சல் தேயிலைத்தூள். கதிரையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தாள். பெரியவள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். நான் முன்னறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கேட்டாள்.

"குடும்மா, சித்திக்குச் சீனி எவ்வளவு?"

சித்தியின் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள். அக்காவின் புருஷன் என்பதால் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, என்னா கூப்புட்டா அவ?"

"அது சும்மா. வெளையாட்டு."

"வெளையாட்டா? நாள் பூரா பஸ்ஸுல வார சிங்கள ஆளுங்களுக்குத் தேயில விக்கிறவ நான். எனக்குப் பாஷை தெரியாதா? புள்ள வாயால இது வருதுனா இந்த வீட்டுல அவள எப்புடி வச்சிருக்கீங்க?"

பெரியவள் கோப்பையோடு வந்தாள். "ஐயோ சித்தி, அது குடம்மா இல்ல. குடு, ம்மா. 'தா'ன்னு அர்த்தம்."

"எனக்குக் கத சொல்லாத."

"மெய்யா சித்தி. கச்சேரியில..."

"ஒன் அம்மா செத்தப்புறம் உண்மையச் சொல்லவிடாம ஒன் வாயப் பூட்டி வச்சிருக்காங்கடி. பைய எடு. இன்னைக்கே போறோம்."

சித்தி சொன்னதில் பொய்யில்லை. வார்த்தை அதேதான். கேட்பவருக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு மட்டும்தான் அது வேறு.

கணவர் தரையைப் பார்த்தார். "அவ இஷ்டம்" என்றார்.

பெரியவள் என்னைப் பார்த்தாள். என் கையில் சின்னவளின் கவுன் இருந்தது. அதை மடித்து வைத்தேன். இன்னொன்றை எடுத்தேன்.

அவள் அறைக்குள் போய்விட்டாள். அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நடுவள் ஓடிவந்தாள். "அம்மா, அக்கா பையில போடுது. சட்டையெல்லாம் போடுது. புத்தகமும் போடுது." கையிலிருந்ததை மடித்தேன். எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். அவளுடைய அம்மாவின் ரத்தம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. நான் தடுத்தால், வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று தடுக்கிறாள் என்பார்கள். அவளாகப் போகட்டும், அல்லது அவளாக இருக்கட்டும். நாலு வருஷமாக அப்படித்தான் இருந்தேன்.

பையோடு வந்தாள். வாசலுக்குப் போகவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லமாட்டீங்களா?"

"என்னா சொல்ல?"

"எதாவது. ஒங்க மக பாண் வாங்கக் கடைக்குப் போனாலே, பாத்துப் போ, வெரசா வந்துருனு பத்துத் தடவ சொல்றீங்க. நான் பை கட்டுறேன். ஒரு வார்த்த வரல. சித்தி ஒவ்வொரு தடவையும் வான்னு கூப்புடுது. நீங்க ஒரு தடவகூட இருன்னு சொல்லல."

சித்தி எழுந்து நின்றாள். கணவர் தலையைத் தூக்கினார்.

அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் விலகி நின்றதை, தன்னை வேண்டாம் என்கிறேன் என்று அவள் எடுத்திருக்கிறாள்.

"இரு" என்றேன்.

"என்னா?"

"இரு. போகாத."

"ஏன்?"

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? யோசித்தேன்.

"தெரியல. நீ இரு."

"பெரிய பேச்சுதான்" என்றாள். பையைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தியிடம் திரும்பினாள். "நான் இங்கயே இருக்கேன் சித்தி. லீவுக்கு லீவு வாறேன்."

சித்தி தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. அழுதாள். பிள்ளையை மயக்கி வைத்திருக்கிறேன் என்று சொன்னாள். அக்காவையும் பறிகொடுத்து, அக்கா பிள்ளையையும் கொடுத்துவிட்டுப் போகிறவள் வேறு எதைச் சொல்வாள்? கணவர் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தார். கொய்யாப்பழத்தைக் கழுவிப் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை வழக்கம்போலத்தான். பாத்ரூமுக்குப் பெரியவளும் நடுவளும் சண்டை. சின்னவள் பாலைக் கொட்டினாள். நான் முதல் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

பேசாமல் இருந்தது அவளுக்கு மரியாதை என்று நினைத்திருந்தேன். பாதி அப்படித்தான். மீதி களைப்பு. பேசவும் தெம்பு வேண்டும். இரு என்பதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும்?

சித்தி இப்போது போன் எடுப்பதில்லை. நான் கூப்பிட்டாலும் இல்லை, கணவர் கூப்பிட்டாலும் இல்லை. பெரியவள் கூப்பிட்டால் மட்டும் இரண்டு நிமிஷம் பேசுகிறாள். வருகிற பௌர்ணமி போயா லீவுக்கு நானே பெரியவளைக் கூட்டிக்கொண்டு புசல்லாவைக்குப் போவதாக இருக்கிறேன்.

"நீங்களும் வரணுமா?" என்று கேட்டாள். "சித்தி ஏசும்."

"ஏசட்டும்."

இரண்டு பஸ் ஏற வேண்டும். கம்பளையில் மாறி ஏறும்போது சீட் கிடைத்தால் மேலே போய்ச் சேரும்வரை தூங்கலாம்.