சத்தம் போடாத லேப்டாப்

அந்தக் குடியிருப்பில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அறிவிப்பு அக்கா என்றால்தான் தெரியும். பெரிய பல்பொருள் கடை ஒன்றில் பல வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்து, "வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, இரண்டாம் தளத்தில் வாளி மலிவு என்பதிலிருந்து, காணாமல் போன பிள்ளை சேவை மேசையில் அழுதுகொண்டிருக்கிறது என்பதுவரை எல்லாவற்றையும் சொன்னவள். கணீரென்ற குரல். அவள் சொன்னால் ஓட்டை வாளிகூட விற்றுப்போகும் என்பார் மேலாளர். அதே மேலாளர்தான் ஒருநாள் அவளை உட்காரவைத்து அத்தனை அறிவிப்பையும் பதிவு செய்துகொண்டார். பதிவு முடிந்த கையோடு, "இனிமே நீங்க தினமும் வந்து சிரமப்பட வேணாம்மா" என்று அனுப்பியும் வைத்தார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! இன்றைக்கும் அங்கே அவள் சோப்பு வாங்கப் போனால், சோப்பு எந்த வரிசையில் இருக்கிறது என்று அவள் குரலே அவளுக்கு வழி சொல்கிறது.

"வேற யாராவது என் வேலையப் பறிச்சிருந்தா நாலு வார்த்த திட்டலாம். என் குரலே பறிச்சிடுச்சு, யாரப் போய்த் திட்டுறது?" என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் அந்தச் சிரிப்பு இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நல்ல சேதி வந்தது. பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் அமைப்பு ஒன்றுக்கு, வீட்டிலிருந்தே படித்து அனுப்ப ஆள் தேவையாம். மூன்று பாடங்களை மாதிரிக்குப் படித்து அனுப்பினாள். அங்கே பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கும் ஆசிரியருக்கும் பார்வை கிடையாது. அவர் காதிலிருந்து கொசுகூடத் தப்ப முடியாது என்று சொல்வார்கள். அவரே ஃபோன் செய்தார்.

"குரல் பிரமாதம்மா. ஆனா பின்னாடி யாரோ மாவு அரைக்கிறாங்க."

"எங்க வீட்ல யாரும் அரைக்கலீங்களே."

"பாடம் முழுக்க அரைபடுது. பசங்க ராத்திரி பகலா காதுல மாட்டிக் கேக்கணும், தலவலி வந்துரும். இந்த வாரத்துக்குள்ள சுத்தமாப் பதிஞ்சு அனுப்புங்க. இல்லைன்னா அடுத்தவங்களக் கூப்பிட்டுருவோம்."

மாவு அரைத்தது அவளுடைய லேப்டாப். அவள் தம்பி ஆண்டு அனுபவித்துவிட்டு அக்கா தலையில் கட்டிய பழைய பெட்டி அது. ஐந்து நிமிஷம் ஓடினால் போதும், உள்ளே விசிறி சுழன்று, மேட்டில் ஏறும் லாரி மாதிரி முனக ஆரம்பித்துவிடும். அவள் பதிவு செய்வதோ சுவர் அலமாரிக்குள். கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு ஒரு முக்காலியைப் போட்டு, தொங்கும் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து படிப்பாள். வெளிச்சத்தம் வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வெளிச்சத்தத்தை விரட்டிவிட்டு முனகலை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தால் எப்படி?

ஆக, புது லேப்டாப் வாங்கியே ஆகவேண்டும், அதுவும் கையைக் கடிக்காத விலையில். பல்பொருள் கடை வேலையிலிருந்து நின்றபோது கொடுத்த பணத்தில் மிச்சம் இருந்ததுதான் கையிருப்பு. இந்த வேலையும் கைவிட்டுப் போனால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் சரியாகத் தூங்கவும் இல்லை.

சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் படையெடுத்தார்கள். அவள், அவள் தம்பி, அவள் கணவர். தம்பிக்கு உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது, தெரியாவிட்டாலும் வாயை மூடமாட்டான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் நின்று கத்திப் பேசிப் பழகியவர், வீட்டில் ரகசியம் சொன்னாலும் தெருமுனையில் கேட்கும். மனைவி பாடம் படித்துப் பதிவதைப் பற்றி அவர் இதுவரை சொன்ன ஒரே கருத்து, "அலமாரிக்குள்ள போயாவது பேசணுமா உனக்கு?" என்பதுதான்.

கடைக்குள் நுழைந்ததும் தம்பி நேராக விசைப்பலகையில் வண்ண விளக்கு எரியும் ஒரு பெரிய லேப்டாப் முன் போய் நின்றான்.

"இதான்க்கா. கிராஃபிக்ஸ் கார்டு இருக்கு, எவ்ளோ பெரிய கேமும் பறக்கும்."

"நான் எதுக்குடா கேம் விளையாடப் போறேன்? எனக்கு நாலே நாலு வேல. குரலப் பதியணும், தப்பு வந்த இடத்த வெட்டணும், மெயில் அனுப்பணும், எப்பவாவது ஒரு லெட்டர் அடிக்கணும்."

"நாளைக்கித் தேவப்படும்க்கா."

"நாளைக்கி அவ அலமாரிக்குள்ள உக்காந்து சண்ட போடப் போறாளா, மாப்ள?" என்றார் கணவர். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவள் இருவரையும் விட்டுவிட்டு, வரிசையாக வைத்திருந்த லேப்டாப்புகளில் ஒவ்வொன்றாகக் குனிந்து காதை வைத்தாள். தம்பிக்கு மானமே போய்விட்டது. நகர்ந்து போய், முன்பின் தெரியாதவன் மாதிரி கைப்பேசி உறைகளைப் பார்க்கத் தொடங்கினான். ஒன்று உஸ்ஸென்றது, ஒன்று கிர்ரென்றது. கடைசியில் ஒன்று துளிச் சத்தமில்லாமல் இருந்தது. அவளுக்கு முகமெல்லாம் பல்.

"இதக் குடுங்கம்மா. என்ன ஒரு அமைதி!"

விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அக்கா, அது ஆஃப்ல இருக்கு."

கணவர் போட்ட சிரிப்பில் டிவி பகுதியில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அறிவிப்பு அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்தப் பெண் கேலி செய்யவில்லை. என்ன வேலைக்கு என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, மூலையில் இருந்த ஒரு மெலிந்த சாம்பல் நிறப் பெட்டியை எடுத்து வந்தாள்.

"இதுல விசிறியே கிடையாதுக்கா. சூடு அதிகம் வராத சிப்பு. பெரிய கேமு, சினிமா எடிட்டிங் எல்லாம் இதுல ஆகாது, திணறிடும். உங்க நாலு வேலைக்கு எட்டு ஜிபி மெமரி தாராளம். வெலையும் அந்த வெளக்கு எரியிற பெட்டியில பாதிக்குக் கீழதான்."

"ரொம்ப வெல கொறவா இருக்கே, ஏமாத்து வேல ஏதும் இருக்குமோ?" என்றார் கணவர்.

"பயந்தா ஓட்டிப் பாத்தே வாங்குங்க."

இரைச்சலில் என்னத்தைக் கேட்பது என்று அவளைச் சரக்கு அறைக்கே கூட்டிக்கொண்டு போனாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, அக்கா வழக்கமாகப் பயன்படுத்தும் பதிவு மென்பொருளை ஏற்றிக் கொடுத்தாள். கொண்டுவந்த சின்ன மைக்கைச் செருகி, அறிவியல் பாடத்தின் முதல் பக்கத்தை மனப்பாடமாகச் சொன்னாள் அக்கா. ஒரு தடவையில்லை, பெட்டி சூடேறுகிறதா என்று பார்க்கத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பெட்டியின் அடிப்பக்கம் லேசாக வெதுவெதுத்தது, அவ்வளவுதான். போட்டுக் கேட்டால் அவள் குரல் மட்டும் தனியாக நின்றது. வெளியே வந்து, "இதான்" என்றாள். தம்பி வீடு வரும்வரை உம்மென்று வந்தான்.

மறுநாள் காலையில் மூன்று பாடங்களையும் புதிதாகப் பதிந்தாள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சற்றுநேரம் பேசாமல் பதிவை ஓடவிட வேண்டும் என்பது அந்த ஆசிரியர் போட்ட நிபந்தனை. அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் அறையின் சுத்தத்தை அவர் எடைபோடுவாராம். முடித்தபோது அவளுக்கு நாக்கு வறண்டு தலை சுற்றியது. ஆரம்பத்தை மட்டும் கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டாள். அன்றைக்கு முழுக்க ஃபோனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, சமையலில் உப்பை மறந்தாள்.

திங்கட்கிழமை மதியம் ஃபோன் வந்தது.

"மாவு மில்ல மூடிட்டீங்க போலிருக்கு" என்றார் ஆசிரியர். "அடுத்த மாசத்துலேருந்து வேலைய ஆரம்பிச்சுக்கலாம்மா. முதல்ல எட்டாம் வகுப்பு அறிவியல் முழுக்க உங்களுக்குத்தான்."

ஃபோனும் கையுமாக அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரே ஒரு குறை. மூணாவது பாடத்துக் கடைசியில, மௌனம் விட்டீங்க பாருங்க, அங்க ஒரு ஆம்பளக் குரல் கேக்குது. அத வெட்டிட்டு அனுப்புங்க."

"ஐயோ, மன்னிச்சுக்குங்க. என்ன சொல்லுது அது?"

"வெட்டுறதுக்கு முன்னாடி நீங்களே ஒருவாட்டி கேட்டுருங்கம்மா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஹெட்ஃபோனை மாட்டினாள். பாடம் முடிந்தது. மௌனம். அலமாரிச் சுவருக்கு அந்தப்பக்கம் மாடிப்படி. அங்கிருந்து யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு கேட்கும் குரல் மங்கலாக வந்தது: "என்னங்க, லிஃப்ட நிறுத்தி வச்சிருக்கீங்க? ரிப்பேரா?"

அடுத்தது அவள் கணவர் குரல். அவரளவில் அது ரகசியம்.

"லிஃப்ட்டுக்கு ஒண்ணுமில்ல சார், அது ஓடினா சத்தம் வரும். உள்ள என் வீட்டுக்காரி படிக்கிறா. அப்படி ஒரு குரலுக்காக நாலு மாடி ஏறினா என்ன கொறஞ்சா போயிடும்? மெல்லப் போங்க, செருப்பக் கையில எடுத்துக்குங்க."

அவள் அதை இன்னொரு தடவை கேட்டாள். அப்புறம் இன்னொரு தடவை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்தும் கேட்காத வார்த்தை. கண் நிறைந்து, திரையில் எதை வெட்டுவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் கணவர் வேலை முடிந்து வந்தார். அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"என்ன, இதுலயும் சத்தம் வருதாமா?"

"ஆமா. வருதாம்."

"அப்பவே சொன்னேன், கொறஞ்ச வெலைன்னா கொஞ்சம் யோசின்னு. விடு. பில்லு இருக்கு, திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கலாம். பணத்துக்கு நான் பாத்துக்கறேன்."

"வேணாங்க. வேல கெடச்சிருச்சு." அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் காதில் மாட்டிவிட்டாள்.

கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. ஊரே கேட்கப் பேசும் மனுஷன் அன்றைக்குத்தான் நிஜமாகவே ரகசியக் குரலில், "இத வெட்டிரு, யாராவது கேட்டுறப் போறாங்க" என்றார்.