கடைசி மூன்று வாரங்கள்

18-8-1974, ஞாயிற்றுக்கிழமை. என் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்குக் கீழே இரண்டே வாக்கியங்கள் இருக்கின்றன. "படிப்பகத்துக்கு ஒரு பெண் வந்தார். பொய் சொன்னேன்." மழை பெய்தது, அரக்கோணம் வண்டி பத்து நிமிடம் தாமதம் என்பதையெல்லாம் விடாமல் குறித்துவைக்கிறவன் நான். அன்று மட்டும் என்ன பொய், எதற்காக என்று எழுதவில்லை.

அதே நாளுக்கு இன்னொரு பதிவும் என்னிடம் உண்டு. எங்கள் வாசகர் வட்டத்தின் கூட்டக் குறிப்பேடு. அதுவும் என் கையெழுத்துதான். யார் என்ன படித்தோம், எதை ஏற்றோம், எதை நிராகரித்தோம் என்று ஒரு பக்கம் ஓடுகிறது. கீழே நான்கு கையொப்பம். வந்த பெண்ணைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில் இருந்தது அந்தப் படிப்பகம். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அங்கே கூடுவோம். நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். மற்ற மூவரில் ஒருவர் கல்லூரி விரிவுரையாளர். தினமும் ரயிலில் போய்வருபவர். அவரை நாங்கள் பேராசிரியர் என்றே அழைத்தோம். வட்டத்தின் தலைவர் என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் பேசினால் மற்றவர்கள் நிறுத்திக்கொள்வோம், அவ்வளவுதான். சென்னையிலிருந்து தபாலில் வரும் சிற்றிதழ் ஒரே பிரதி. நான்கு கை மாறும். வார இதழ்ச் சரக்கு என்ற பொருளில் எங்களுக்குள் ஒரு வசைச்சொல் இருந்தது: "வாராந்தரி." ஒரு கதையில் யாராவது அழுதால் அது வாராந்தரி. கடைசியில் குடும்பம் ஒன்று சேர்ந்தால் சுத்த வாராந்தரி. யாராவது ஒரு நாவலைக் கொஞ்சம் தயங்கிப் பாராட்டினால், "என்ன சார், தொடர்கதை படிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்பார் பேராசிரியர். அதற்குப் பிறகு அந்த நாவலைப் பற்றி யாரும் பேசமாட்டோம்.

நான் தொடர்கதை படித்துக்கொண்டுதான் இருந்தேன். மணவூரில் என் அக்கா வீடு. சனிக்கிழமை அரை நாள் அலுவலகம் முடிந்ததும், அரக்கோணத்தில் வண்டி மாறி அங்கே போவேன். அக்கா ஒரு வார இதழ் வாங்குவாள். அதில் அந்த வருடம் ஒரு தொடர் வந்தது. அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறி, வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. முதல் வாரம் முதல் கடைசி வாரம் வரை ஒன்று விடாமல் படித்தேன். கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்து அக்கா சிரித்தாள். "உன் கூட்டாளிங்க பாத்தா மானம் பூடும்டா."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறி வந்தவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் கைக்குழந்தை. ஆர்.கே.பேட்டைப் பக்கம் தறிக்காரர் வீடு என்று அவரே சொன்னார். கையில் ஒரு கட்டு. அந்தத் தொடரின் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பாவு நூலால் தைத்து, காலண்டர் அட்டை போட்டிருந்தார். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் பழைய இதழ்கள் கிடைக்குமா என்று கேட்டார்.

"பழசெல்லாம் எடைக்குப் போட்டாச்சும்மா."

"கடைசி மூணு வாரந்தாங்க இல்ல. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில இருந்தேன். தறிக்கு நூலு தார் சுத்தறப்ப நான்தான் படிச்சுக் காட்டுவேன், நாலு பொம்பளைங்க கேட்டுகினு இருப்பாங்க. இப்ப முடிவு என்னா, முடிவு என்னான்னு என்னைப் புடுங்கி எடுக்கறாங்க." பிறகு எங்கள் மேசையைப் பார்த்தார். "இவ்ளோ படிக்கறவங்க இருக்கீங்களே. யாருனா இத படிச்சிருக்கீங்களா?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதுல முடிவு என்னம்மா பெரிய முடிவு? ஒண்ணு கல்யாணம், இல்ல சாவு. ரெண்டுல ஒண்ணு போட்டுக்குங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அது எனக்கும் தெரியும் சார். எதுன்னுதான் கேக்கறேன்" என்றார் அந்தப் பெண். பிறகு நேராக என்னிடம், "நீங்க சார்?"

"நான் இதெல்லாம் படிக்கிறதில்லீங்க."

அவர் அந்தக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த வாரம் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் ஒரே கோப்பை இரண்டு முறை பதிவு செய்தேன். மாலையில் ஸ்டேஷன் வரை நடந்துபோய், வண்டி எதுவும் பார்க்காமல் திரும்பி வந்தேன். செவ்வாய்க்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மணவூருக்குப் போனேன். அக்கா இதழ்களைச் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தாள். கடைசி அத்தியாயத்தின் மேல் நல்லெண்ணெய்த் தூக்கு நின்றிருந்தது. எண்ணெய் ஊறி, இரண்டு பக்கத்து எழுத்துகளும் ஒன்றன்மேல் ஒன்று தெரிந்தன. பிரிக்கப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. அதற்கு முந்தைய இரண்டு இதழ்களும் ஏற்கெனவே அடுப்புக்குப் போயிருந்தன.

ஆகவே ஞாபகத்திலிருந்து எழுதினேன். மதிய இடைவேளைகளில் மூன்று நாள் உட்கார்ந்து, மூன்று வாரத்துக் கதையையும் பதினோரு பக்கத்தில் சுருக்கினேன். முதலிரண்டு வாரங்கள் சிரமமில்லாமல் வந்தன. கடைசி வாரம் வந்ததும் கை நின்றது. அந்த அழுகையையும் அணைப்பையும் என் பேனாவால் எழுத எனக்கு மனம் வரவில்லை. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் கூசியது. கதாநாயகி டிக்கெட்டோடு நடைமேடையில் நிற்கிறாள், வண்டி கூவுகிறது என்று முடித்தேன். நன்றாக வந்திருப்பதாகக்கூட நினைத்தேன். சனிக்கிழமை படிப்பகக்காரரிடம் கொடுத்து, அந்த அம்மா வந்தால் யாரோ ஒரு வாசகர் தந்ததாகச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவர் வரவில்லை. வாரநாளில் வந்து பக்கங்களை வாங்கிப் போயிருக்கிறார். 1-9-1974, ஞாயிறு, நாங்கள் கூடியிருந்தபோது மறுபடியும் மாடி ஏறி வந்தார். பக்கங்கள் கையில் இருந்தன.

"இத எழுதினவரு யாருங்க? பாதில வுட்டுட்டாரு."

பேராசிரியர் கை நீட்டி வாங்கினார். கடைசித் தாளை நின்றபடி படித்தார். "அட, பிரமாதமா முடிச்சிருக்கானே! வாராந்தரிக்காரனுக்கு இவ்வளவு அடக்கம் எங்கேர்ந்து வந்தது?"

"முடிவே இல்லியே சார். வண்டி கூவுதுன்னு நின்னுடுச்சு. அவ ஏறினாளா, இல்லியா?"

"அதை வாசகர்தாம்மா தீர்மானிக்கணும்."

"நான் தீர்மானம் பண்றதுக்கு அவரு எதுக்கு சார் எழுதணும்? அந்த நாலு பேரும் என்னாண்ட சண்டைக்கு வர்றாங்க. நீயே கட்டிவுடறேன்னு சொல்றாங்க."

பேராசிரியர் சிரித்துக்கொண்டே முதல் தாளைப் புரட்டினார். சிரிப்பு அப்படியே நின்றது. கடைசித் தாளில் கதையை மட்டும் பார்த்தவர் கண்ணில் இப்போதுதான் கையெழுத்து பட்டது; வாராவாரம் அவர் கையொப்பமிடும் குறிப்பேட்டின் எழுத்து அது. நான் அதை யோசித்திருக்கவே இல்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏறினாங்க" என்றேன் அந்தப் பெண்ணிடம். "வீட்டுக்குப் போய்ட்டாங்க. அம்மா கதவைத் திறந்தாங்க."

"நீங்களா எழுதினீங்க?"

"ஆமாங்க. அன்னைக்குப் படிச்சதில்லன்னு சொன்னது பொய்."

அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "அண்ணங்காரன் என்னா பண்ணான்?"

"தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னான்."

"அம்மா? திட்னாங்களா?"

"இல்ல. சாப்டியான்னு கேட்டாங்க."

"ஆங்" என்றார். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "இத எழுதறதுக்கு என்னா சார் உங்களுக்கு?" பதினோரு பக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிவிட்டார்.

பேராசிரியர் குறிப்பேட்டை என் பக்கம் தள்ளினார். "இதையும் பதிவு பண்ணுவீங்களா?"

"பண்றேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுதினேன். ஐந்து வரி. அன்று அதன் கீழே என் கையொப்பம் மட்டும்தான் இருக்கிறது. வேறு யாரும் போடவில்லை. அடுத்த வாரம் நான் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. சில மாதங்களில் வட்டம் கலைந்தபோது, படிப்பகக்காரர் அந்தக் குறிப்பேட்டை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் வேறொரு அரிப்பு தொடங்கியது. தாய் "சாப்டியா" என்று கேட்டது தொடர்கதையில் இருந்ததா, அல்லது அந்த நிமிடம் என் வாயில் வந்ததா? அக்காவைக் கேட்டேன், அவளுக்கு அழுதது நினைவிருக்கிறது, வார்த்தை நினைவில்லை. அந்தத் தொடர் புத்தகமாக வந்ததாகத் தெரியவில்லை. சென்னையில் ஒரு பெரிய நூலகத்தில் அந்த வருடத்து இதழ்களின் கட்டு இருந்தது. எனக்கு வேண்டிய இதழ் மட்டும் அதில் இல்லை. கதாநாயகி வண்டி ஏறினாள் என்பதைக்கூட இன்று என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் நான்கு பெண்கள் தார் சுற்றிக்கொண்டே அதைக் கேட்டிருப்பார்கள். அது அச்சில் வந்த முடிவுதானா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.