சட்டைப்பையில் இருந்தவை

ஆமத்தூரில் நான் நர்ஸாக இருந்தபோது, பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ஒருவர் சர்க்கரை நோய்க்கும் பிரஷருக்குமாக மாதந்தோறும் வருவார். கம்பெனி வாசலில் தீப்பெட்டிச் சோதனைக்குப் பழகியவர். என் மேசையிலும் சட்டைப்பையைக் காலி செய்த பிறகே உட்காருவார்.

அன்று பிரஷர் கருவியில் பாதரசம் இருநூறைத் தாண்டி நின்றது. மேசையில் பாதி தீர்ந்த வைட்டமின் புட்டியும், பிரிக்கப்படாத பிரஷர் மாத்திரைப் பொட்டலமும் கிடந்தன.

“இதைத் தொடவே இல்லையா, அண்ணாச்சி?”

“அதத் தின்னா தலை சுத்துது சிஸ்டரம்மா. வைட்டமின்தான் தெம்பா இருக்கு.”

“வைட்டமின் பிரஷரைக் குறைக்காது. உங்க உசுருக்கே ஆபத்து.”

“எனக்கு மட்டுந்தான? மருந்துச் சட்டியோட நான் தடுமாறினா, அங்கன நாலு பேரு இருக்காகளே.”

வேறு மாத்திரை கேட்டு டாக்டரிடம் ஓடினேன். திரும்பியபோது அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். பொட்டலம் மட்டும் மேசையில் இருந்தது. அவரைக் கடிந்துகொள்ள இன்றும் எனக்கு மனம் வரவில்லை.