தமிழ்ப் பெயருக்கு எவ்வளவு கனம்?

கண்டி நகரத்தைக் கூட்டிச் சுத்தமாக்கும் தொழிலாளர்கள் வாழும் மஹய்யாவயில் பிறந்தவள் கஜலட்சுமி. ‘உங்க ஆளுகளுக்கு எதுக்குக் கம்பியூட்டர்?’ என்று கேட்டவர்கள் உண்டு. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் படித்தாள். இன்று நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் தரவுத்தளத்துக்கு அவளே பொறுப்பு. நோயாளிகளின் பெயரும் பரிசோதனை முடிவும் கிடக்கும் சேவையகக் கணினி மூச்சு வாங்கினால், வியர்ப்பது அவளுக்கு.

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மூக்காயி என்ற நோயாளி ஒருநாள் பகல் முழுவதும் கதிரையிலேயே இருந்தாள். ஆங்கில எழுத்தில் பதிந்த பெயரைத் தாதி ‘முக்காய், முக்காய்’ என்று கூப்பிட்டுக் களைத்துப்போனாள். அது தன் பெயர் என்று மூக்காயிக்கு எப்படித் தெரியும்? கஜலட்சுமி மேலிடத்தோடு சண்டை பிடித்து, பதிவுத் திரையில் தமிழில் பெயர் எழுத ஒரு கட்டம் வாங்கினாள்.

கட்டம் வந்த வாரமே சேவையகம் தவழத் தொடங்கியது. நோயாளிகளைப் பதியும் கருமபீடத்து வரிசை வாசலைத் தாண்டியது. முகாமையாளர் ஞானசேகரம் அவளைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“தமிழ் எழுத்து கூட இடம் பிடிக்குமாம், பிள்ளை. வெள்ளிக்கிழமையோட அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கோ.”

“நீங்களும் தமிழ்தானே சேர்?”

“ஓம். அதுக்காக உங்கட ஆக்களுக்கெண்டு ஆஸ்பத்திரி நிக்க ஏலுமே?”

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். முந்தி நடந்ததே பிந்தி நடந்ததற்குக் காரணம் என்று நம்பும் மூளைக்குக் கழுத்துப்பட்டி கட்டிவிட்டாலும் அது மூடநம்பிக்கையே. பழி சுமக்கத் தலை தேடும்போது, கடைசியாக உள்ளே வந்த ஏழையின் தலைதான் எப்போதும் அகப்படுகிறது.

கஜலட்சுமியும் உடன் வேலை செய்யும் ஹுதைபாவும் இரண்டு கண்காணிப்பு மென்பொருள்களை அந்தச் சேவையகத்தில் ஒன்றாக ஓடவிட்டார்கள். விலை கூடிய ஒன்று கண்ணைப் பறிக்கும் வரைபடங்களைக் காட்டியது: செயலி திணறுகிறது, நினைவகம் நிறைந்துவிட்டது, பெரிய சேவையகம் வாங்குங்கள்.

“காய்ச்சல்னு சொல்லுது. ஏன் காய்ச்சல்னு சொல்ல மாட்டேங்குதே” என்றாள் அவள்.

“விக்கிறவன்ட சாமான் அப்பிடித்தான்” என்றான் ஹுதைபா.

மற்றது இலவசம். அழகு கிடையாது. ஆனால் எந்த வேலை எதற்காகக் காத்து நிற்கிறது, அதை மறிப்பது எது என்று சொன்னது. பேராதனை வீதியில் வாகனங்களை எண்ணுவது ஒன்று. குறுக்கே நிறுத்திவிட்டு வடை வாங்கப் போனவனின் லொறியைப் பிடிப்பது வேறு. லொறி அகப்பட்டது. முகாமையாளரின் அறைச் சுவரில் தமிழ்க் கட்டம் வந்த அதே வாரம் மாட்டிய வருமானத் திரை, எல்லா வருடக் கணக்கையும் நொடிக்கு நொடி முதலிலிருந்து கூட்டிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பெயர்களின் பங்கோ கண்ணுக்கே படவில்லை.

“சேர்ட லொறிதானே நிக்கிது” என்று ஹுதைபா விழுந்து விழுந்து சிரித்தான்.

வெள்ளிக்கிழமை இயக்குநர்கள் கூடினார்கள்.

“நான் சொல்றதை நம்பாதீங்க சேர். பாருங்க” என்றாள் கஜலட்சுமி.

மடிக்கணினியிலிருந்து முதலில் தமிழ்க் கட்டத்தை நிறுத்தினாள். சேவையகம் அப்படியே தவழ்ந்தது. கட்டத்தைத் திறந்துவிட்டு, வருமானத் திரையை நிறுத்தினாள். தேங்கியிருந்த பதிவுகள் மடை திறந்த வெள்ளமாக ஓடின.

“என்ர திரை எனக்கு வேணும்” என்றார் ஞானசேகரம், மெதுவாக.

“ஓடட்டும் சேர். சேவையகத்தோட சக்தியில கால் பங்குக்கு மேல எடுக்காம தரவுத்தளத்துலயே கட்டிப்போடுறேன். மொதப் பங்கு நோயாளிக்கு.”

இயக்குநர்கள் சம்மதித்தார்கள். தமிழ்க் கட்டம் நிலைத்தது. அப்போது இயக்குநர்களில் ஒரு பெண் சிங்களத்தில் கேட்டார்: “ஆங்கிலத்தில் எழுதி என் அம்மாவின் பெயரையும் இங்கே கொல்கிறார்கள். சிங்களத்துக்கும் ஒரு கட்டம் போட முடியாதா? இடம் போதுமா?”

“தாராளமாகப் போதும் மேடம்” என்று கஜலட்சுமி சிங்களத்திலேயே சொல்லிவிட்டு, அங்கேயே மடிக்கணினியை மறுபடி திறந்தாள்.