ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், ரூம் இல்லை

ரூம் காலியாக இருந்தது. இருந்தும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் அவர்கள் அம்மாவையும் நீங்கள் வெளியே அனுப்பினீர்கள்.

லாட்ஜ் முதலாளி அவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். பெயர் போடக் கூடாது என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். பரவாயில்லை. உங்களுக்குத் தெரியும். அது போதும்.

மொத்தப் பழியையும் உங்கள் தலையில் போட்டுவிட்டு நான் நழுவ முடியாது. அனுப்பியது நீங்கள். வரவழைத்தது நான்.

கோடை விடுமுறைக்கு முன்னால் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன் – குழந்தைகளோடு திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எங்கே தங்கலாம் என்று. லிஃப்ட் இருக்கிறதா பாருங்கள், பாத்ரூம் தரை வழுக்குமா பாருங்கள், பால்கனிக் கம்பிக்கு நடுவில் பிள்ளையின் தலை நுழையுமா பாருங்கள்... பெரிய நிபுணன் மாதிரி அளந்திருந்தேன். கடைசியில் உங்கள் லாட்ஜைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தேன். "இங்கே கண்டிப்பு ஜாஸ்தி. குடும்பத்துக்கு மட்டும்தான் ரூம். ஆளைப் பார்த்து, விசாரித்துத்தான் சாவி தருவார்கள். நிம்மதியாகத் தூங்கலாம்."

அதோடு விட்டேனா? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் ஒரு பழைய லாட்ஜையும் இழுத்தேன். குடும்பத்தோடு வருகிறவர்கள் அங்கே தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள் என்று எழுதினேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். இரண்டிலும் நான் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. உள்ளூர்க்காரன் எவன் உள்ளூர் லாட்ஜில் தங்குகிறான்? கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களைப் பார்க்கப் போய், உங்கள் லாட்ஜின் ஏசி வரவேற்பறையில் ஒரு காபி குடித்தேன். அந்தப் பழைய லாட்ஜை டவுன் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

அதை நம்பி ஒருவர் எனக்கு மெயில் போட்டார். கலைச்செல்வி என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. காலாண்டுப் பரீட்சை லீவில் பிள்ளைகளுக்கு ஊரையும் மலையையும் காட்ட வேண்டும், நீங்கள் சொன்ன லாட்ஜ் இப்போதும் நன்றாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார். "கண்ணை மூடிக்கொண்டு வாங்க" என்று பதில் போட்டேன். பந்தாவாக என் போன் நம்பரையும் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்த நம்பருக்குக் கூப்பிட்டார்.

"சார், நீங்க எழுதின லாட்ஜ்லதான் நிக்கிறேன். ரூம் இல்லன்றாங்க. போன்ல புக் பண்ணிட்டுத்தான் சார் வந்தேன்."

"அங்கயே இருங்கம்மா. பத்து நிமிஷத்துல வர்றேன்."

வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டரில் போகும்போது எனக்குக் கோபம்கூட இல்லை. தெனாவட்டுதான் இருந்தது. நம் முகத்தைக் காட்டினால் ரூம் தானாக வரும் என்ற தெனாவட்டு.

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க சார், வாங்க! சாருக்கு ஒரு காபி!"

கலைச்செல்வி ஆதார் கார்டைக் கையில் பிடித்தபடி கவுன்டர் முன்னால் நின்றிருந்தார். பக்கத்தில் பெண், பத்து வயசு இருக்கும். பையனுக்கு ஐந்து. அவன் காலை மாற்றி மாற்றி வைத்துக் குதித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா கண்ணா குதிக்கிற?"

"உச்சா வருது."

ரூம் எடுத்தவர்களுக்குத்தான் பாத்ரூமாம். நான் மேனேஜரைப் பார்த்தேன். உடனே கதவைக் காட்டினார். அதுவும் எனக்காக. அவன் குதித்ததற்காக இல்லை.

"இன்னா பிரச்சனை?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். மேடம் தனியா வந்திருக்காங்க."

"தனியா வரல. மூணு பேரு வந்திருக்கோம்" என்றார் கலைச்செல்வி.

"அதான் மேடம், கூட ஜென்ட்ஸ் யாரும் இல்லையே. ஃபேமிலின்னு சொன்னதும் உங்க சாரும் வருவார்னு நெனச்சுட்டோம்." சொல்லிவிட்டு அவர் சுவரைக் காட்டினார். "இதோ, சாரே எழுதியிருக்காரு பாருங்க. கண்டிப்பு ஜாஸ்தின்னு. நாங்க ரூல்ஸ மீறினா சார் பேருதானே கெடும்?"

சுவரில் என் பத்தி. வெட்டி, லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். மேலே என் போட்டோ, பல்லைக் காட்டிக்கொண்டு. அதற்குப் பக்கத்திலேயே சாவிப் பலகை. ஒரு வரிசை முழுக்கச் சாவிகள் தொங்கின.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? "இது என்னய்யா ரூல்ஸ்?" என்று கத்தியிருக்க வேண்டும். டீக்கடையில் அரசியல் பேசும்போது கத்துகிறவன்தானே நான்?

கத்தவில்லை. வழி சொன்னேன்.

"ஏம்மா, வீட்டுக்காரர ஒரு நிமிஷம் போன்ல பேசச் சொல்லிடுங்களேன். முடிஞ்சுபோச்சு."

"அதேதான் சார்" என்று மேனேஜர் பிடித்துக்கொண்டார். "மேடத்தோட சார் ஒரு வார்த்தை ஓகேன்னா போதும். சாவி குடுத்துடறேன்."

அந்தப் பெண் குழந்தைதான் என்னை நிமிர்ந்து பார்த்தது.

"அப்பா நம்பர் எங்ககிட்ட இல்ல அங்கிள்."

அம்மா பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, "அப்பா நம்பர மாத்திட்டாங்க. அம்மா சொல்ல மாட்டாங்க. அதான் நான் சொல்றேன்."

சோபாவில் ஒரு புதுக் கல்யாண ஜோடி உட்கார்ந்திருந்தது. ஒரு கார் டிரைவர். தண்ணீர் கேன் இறக்க வந்தவர். எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். டிவி ஓடவில்லை.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எத்தனையோ இடத்தில் அசிங்கப்பட்டிருக்கிறேன். பத்து வயசுப் பிள்ளை என் முன்னால் வீட்டுக் கதையைச் சொல்லும்படி நான் செய்தது அன்றுதான்.

மேனேஜர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க சார். கோயில் ஊரு. மனசு சரியில்லாம சில லேடீஸ் பிள்ளைங்களோட வர்றாங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா போலீஸுக்கு நாங்கதானே பதில் சொல்லணும்?"

அவர் நினைத்த அளவுக்கு அது மெதுவாக இல்லை. கலைச்செல்வியின் கை பெண்ணின் காதை மூடியது.

பிறகு மேனேஜரே ஒரு யோசனை சொன்னார். "சார் வேணா நோட்டுல ஒரு கையெழுத்து போடுங்க. உறவுன்ற எடத்துல அண்ணன்னு எழுதிடுங்க. நான் பாத்துக்கறேன்."

நான் எழுதினேன். ஆமாம், பேனாவை வாங்கி 'அண்ணன்' என்று எழுதினேன். ஏதோ பெரிய உதவி செய்கிற நினைப்பு வேறு.

கலைச்செல்வி நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"அத அடிச்சுடுங்க சார்."

"சும்மா ஃபார்மாலிட்டிதாம்மா..."

"எனக்கு அண்ணன் இருக்காரு சார், சேலத்துல. அவரையே கேக்காமத்தான் வந்திருக்கேன். நானே லீவு போட்டு, நானே புக் பண்ணி, நானே கூட்டிட்டு வந்தேன். புதுசா இன்னொரு அண்ணன் எதுக்கு எனக்கு?"

அடித்தேன்.

வெளியே வரும்முன் மேனேஜரிடம் "அந்தப் பேப்பரக் கழட்டுய்யா" என்றேன். "ஐயோ சார், அது எங்களுக்கு விளம்பரம் சார்!" என்று சிரித்தார். அவரைப் பொறுத்தவரை நான் ஜோக் அடிக்கிறேன்.

வாசலில் நின்று, "எங்க வீட்டுக்கு வந்துடுங்கம்மா. என் மனைவி இருக்காங்க" என்றேன்.

"வேணாம் சார். யார் வீட்லயும் தங்கறதுக்கு நான் வரல. பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்? ஊருக்கே போயிடறோம்."

பையன் கேட்டான். "அப்ப மலைய சுத்திப் பாக்கலையாம்மா?"

ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போக முகமில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோ நின்றது. கலைச்செல்வி இறங்கி ஒரு போர்டை அண்ணாந்து பார்த்தார்.

"சார், இது நீங்க போகாதீங்கன்னு எழுதின லாட்ஜ்தானே?"

"ஆமாம்மா."

"அப்ப இங்கயே கேக்கறேன்."

உள்ளே கவுன்டரில் ஒரு அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நைட்டி, மேலே ஒரு துண்டு. கண்ணாடியை மூக்கில் இறக்கி ஆதாரைப் பார்த்தார், நோட்டில் எழுதினார்.

"எத்தன நாளு கண்ணு?"

"ரெண்டு நாளுங்க."

"மாடி காத்தா இருக்கும். ஆனா வேணாம். படிக்கட்டுக் கைப்பிடி ஆடுது. இவன் ஓடிக்கிட்டே இருப்பான் போல, கீழயே தர்றேன். குழாய்ல சுடுதண்ணி வராது. காலையில பக்கெட்டுல குடுப்பேன். பரவாயில்லையா?"

நான் காத்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் எங்கே என்ற கேள்வி இப்போது வரும், இப்போது வரும் என்று. வரவே இல்லை. பையனுக்கு ஒரு கைப்பிடிக் கடலைதான் வந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு நானும் ரூம் பக்கம் நடந்தேன்.

"ஹலோ, நீங்க எங்க போறீங்க?" என்றார் அந்த அம்மா. "ரூம் எடுத்தவங்க மட்டும்தான் உள்ள. பைய அங்கயே வச்சுட்டுக் கெளம்புங்க."

கலைச்செல்வி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். அவர்கள் உள்ளே போனதும் அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"பேப்பர்ல எழுதறவருதானே? நம்ம லாட்ஜுப் பக்கம் வராதீங்கன்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமாங்க."

"உள்ள வந்து பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"பின்ன?"

அவ்வளவுதான் கேட்டார். மறுபடியும் கடலை உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். லாட்ஜ்காரனைத் திட்டுவாள், என் மனசு ஆறும் என்று நினைத்தேன். துணியை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"சின்னவனுக்குக் கண்ணு காட்ட நான் மட்டும் வேலூருக்குக் கூட்டிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா? அங்க லாட்ஜ்ல உங்களுக்குப் போன் போட்டாங்க."

ஞாபகம் வந்தது. ஆபீசில் இருந்தேன். "ஆமா, என் மனைவிதான். ரூம் குடுங்க" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு வைத்தேன். வீட்டு ஆம்பளையாக ஒரு பொறுப்பை முடித்த திருப்தி.

"நீங்க பேசுனப்புறம்தான் சாவி குடுத்தாங்க. கண்ணுல கட்டுப் போட்ட பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு, அதுவரைக்கும் படியில உக்காந்திருந்தேன். அது எப்படி இருந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை.

குழந்தைகளோடு தங்க நல்ல இடம் எது என்று ஊருக்கெல்லாம் எழுதினேனே... லிஃப்ட், பால்கனிக் கம்பி, வழுக்காத தரை. சாவியை யார் கையில் கொடுப்பார்கள் என்று எனக்கு ஏன் கேட்கத் தோன்றவில்லை? எனக்கு எப்போதும் என் கையில்தானே கொடுத்தார்கள்!

திங்கட்கிழமை சாயங்காலம் கலைச்செல்வி போன் செய்தார். ஊர் போய்ச் சேர்ந்தாயிற்றாம். ஆட்டோவில் மலையைச் சுற்றினார்களாம். பையன் வழியில் இருக்கும் எட்டு லிங்கத்தையும் எண்ணிப் பத்து என்று சாதித்தானாம். இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க சார். பேரு வேணாம். அப்புறம்... என்னைப் பாவம்னு எழுதிடாதீங்க."

எழுதவில்லை அம்மா. இதில் பாவம் யாருமில்லை. தப்பு செய்த இரண்டு பேர் இருக்கிறோம். நான் எழுதிய அந்தப் பத்தி தப்பு. வாசகர்கள் அதைக் கிழித்துப் போடலாம். பஸ் ஸ்டாண்டு லாட்ஜ் அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, போங்க" என்றார். என் கணக்கு அதோடு தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்துவிட்டேன்.

இனி உங்கள் முறை, முதலாளி. உங்கள் மேனேஜர் சொன்ன பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அடையாள அட்டை கேளுங்கள், நகல் எடுங்கள், போட்டோ எடுங்கள். அதை நீட்டிக்கொண்டுதானே அவர் ஒரு மணி நேரம் நின்றார்? பிள்ளைகளோடு தனியாக வரும் ஆம்பளையிடம் உங்கள் ஆட்கள் "வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போடுங்க" என்று எப்போதாவது கேட்டிருக்கிறார்களா? மனசு ஆம்பளைக்குச் சரியில்லாமல் போகாதா?

ரகசியமாக எனக்குப் போன் போட்டு, "பேசித் தீத்துக்கலாம் சார்" என்று சொல்லாதீர்கள். இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள். தீர்த்துக்கொள்ள எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

நாளைக்கு ஒரு அம்மா தன் பிள்ளைகளோடு வந்து, ஆதாரைக் காட்டி ரூம் கேட்டால் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? இதே பத்திரிகையில், உங்கள் பெயரையும் லாட்ஜ் பெயரையும் போட்டு, ஊர் பார்க்கப் பதில் சொல்லுங்கள்.