ஹீட்டர் சூடேறாத காரில் உதகைக்கு

நான் கண்ணால் கண்டதும், கையால் தொட்டறிந்ததும், அளந்து பார்த்ததும் மட்டுமே இங்கு இடம்பெறும். இந்தப் பயணத்தைப் பற்றி உறவினரிடம் பலமுறை சொல்லிவிட்டேன். சொல்லும் ஒவ்வொரு முறையும் என் பிழை சற்றுச் சிறுத்துக்கொண்டே வந்தது. எழுத்திலாவது அது தன் அளவில் இருக்கட்டும்.

குளிர் பட்டால் என் மனைவியின் விரல்களில் இரத்த ஓட்டம் தடைப்படும். முதலில் சுண்ணாம்பாய் வெளுக்கும். பிறகு நீலம் பாரிக்கும். சென்ற மார்கழியில் வலக்கை மோதிர விரலின் நுனி புண்ணாயிற்று. ஆறுவதற்கு நான்கு மாதம் ஆனது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நுனியை எடுக்க வேண்டி வரலாம்" என்று மருத்துவர் சொன்னபோது நானும் அருகில் இருந்தேன்.

எங்கள் ஒரே மகள் உதகையில் வாழ்கிறாள். முறைப்படி தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் நடந்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம் கூடியதால் அவள் மலையிறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே தாய் மலையேற வேண்டியதாயிற்று.

"பஸ்ஸுல ஜன்னல் மூடாது. நம்ம காருல ஹீட்டர் போட்டுட்டுப் போலாங்க" என்றாள் என் மனைவி.

எங்களுடையது பதினாறு ஆண்டு பழைய டீசல் கார். வெயில் கொளுத்தும் எங்கள் வேங்கிக்காலில் குடியிருப்பவனுக்குக் காரில் ஹீட்டர் என்று ஒன்று உண்டென்பதே நினைவில் இராது. பிரசவ நாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில், விடியற்காலையில் வேலூர் சாலையில் ஓட்டிச் சோதித்தேன். அரை மணி நேரம் ஓடிய பின்னும் காற்று வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. காய்ச்சல் பார்க்கும் கருவியைக் காற்றுத் துளையின் முன் பிடித்தேன். எண் வரவில்லை; தன் அளவுக்கும் கீழே என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்து மட்டும் தோன்றியது.

பட்டறைக்காரர் எங்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். "நம்மூருக்கு ஹீட்டர் எதுக்கு சார்? சித்திரையில கண்ணாடிய ஏத்தி வுட்டு உக்காந்தா பத்தாதா?" என்றார். விரலைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். உச்சிவெயிலில், வண்டியை நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓடவிட்டு, என் கையைப் பிடித்துத் துளையின் முன் வைத்தார். சூடு இருந்தது. "சூடு வருது, கொஞ்சம் கம்மி, அவ்ளோதான். உள்ள அடைப்பு இருக்கும் சார்" என்று, ஹீட்டருக்குள் வெந்நீர் ஓடும் குழாய்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். துரு கரைந்த நீர் வெளிவந்தது. அதைக் கண்டு இருவரும் மகிழ்ந்தோம்.

மறுநாள் விடியலில் மீண்டும் அதே எழுத்து. காற்றைத் திருப்பும் தகட்டைப் பார்த்தார், விசிறியை மாற்றினார், நாட்கள் போயின. ஒவ்வொரு நண்பகலும் பட்டறை வாசலில் ஹீட்டர் குணமாயிற்று. ஒவ்வொரு விடியலும் சாலையில் அது கைவிட்டது. எனக்கு உறக்கம் கெட்டது.

கோளாறின் மூலத்தைக் கண்டவள் என் மனைவி. ஒரு விடியலில் கையுறையோடு உடன் வந்தவள், "நீங்க காத்தையே பாக்கறீங்க. அந்த முள்ளு என்னாத்துக்கு வேகமா போனா எறங்குது, நின்னா ஏறுது?" என்றாள். எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள். வண்டியை ஓரங்கட்டி, ஹீட்டருக்குள் போகும் குழாயையும் வெளிவரும் குழாயையும் தொட்டேன். இரண்டும் ஒன்றுபோல் வெதுவெதுத்தன. உள்ளே போகும் நீரே சூடாக இல்லை. ஹீட்டரின் மேல் பழியில்லை.

வீடு திரும்பியபோது மருமகனின் அழைப்பு காத்திருந்தது. மகளின் இரத்த அழுத்தம் மேலும் ஏறிவிட்டது. மறுநாள் பிற்பகலில் அறுவை. அழைப்பு வந்த அன்றோ பௌர்ணமி. பட்டறை திறக்காது. பௌர்ணமிதோறும் பட்டறைக்காரர் அடி அண்ணாமலையில் தம் வீட்டு வாசலில் மனைவியோடு சேர்ந்து, மலை சுற்றுவோருக்குச் சுக்குக் காப்பி விற்பார். தொலைபேசியில் அழைத்து முள்ளைப் பற்றிச் சொன்னேன்.

"அப்போ உள்ள தெர்மோஸ்டாட்டே இல்ல சார். எஞ்சின் சூடாவுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு வுடாம அடைச்சி வைக்கிற வால்வு. வெயிலுக்குப் பயந்து நம்மூருல பாதி வண்டியில எடுத்துடுவோம்."

"யார் எடுத்தார்கள்?"

அவருக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "உங்க மேசையில காயிதத்து மேல வெச்சிருக்கீங்களே, அது என்னான்னு கேளுங்க" என்றாள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரைப் பௌர்ணமி நெரிசலில் எஞ்சின் கொதித்து நின்றது. "இத்த எடுத்துட்டா வண்டி ஜில்லுனு ஓடும் சார்" என்றார் இதே மனிதர். "எடுத்துவிடுங்கள்" என்றவன் நான். சுருள்வில்லோடு கூடிய அந்தப் பித்தளை வட்டம் அழகாக இருந்ததால் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று முதல், மின்விசிறிக் காற்றில் என் தாள்கள் பறக்காமல் காத்தது அதுதான். நாள்தோறும் அதைத் தூக்கி வைத்துத்தான் எழுதினேன்.

இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க அதைக் கொதிநீரில் இட்டோம். மெல்லத் திறந்தது. "உங்கள மாதிரி இல்ல, கூப்ட்டா எழுந்துக்குது" என்றாள்.

பௌர்ணமிக்காகப் போலீசார் வைத்திருந்த தடுப்புக் கட்டை வரை ஸ்கூட்டரில் போய், அப்பால் கூட்டத்தோடு நடந்தேன். பட்டறைக்காரர் காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு வால்வைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எடுத்தவன் நான்தான் சார். மறந்தே பூட்டேன்." பிறகு, "மாட்ட ஒரு மணி நேரம் போதும். ஆனா தண்ணி கசியாம அடியில வெக்க புது கேஸ்கெட் வேணும். இன்னிக்குக் கடை கெடையாது, நாளைக்குப் பத்து மணிக்குத்தான் தொறப்பான்" என்றார்.

அந்தப் பத்து மணிக்கு நாங்கள் உதகை மலையின் அடிவாரத்தை நெருங்கியிருக்க வேண்டும்.

"பால் வண்டிக்காரருக்கு அட்டை வெச்சி குடுத்தியே" என்றார் அவர் மனைவி, காப்பி ஊற்றியபடியே. காகிதக் குவளைகள் வந்த பெட்டியை வெட்டிக் கொடுத்தார்கள். "ரேடியேட்டருக்கு முன்னால பாதிய மறைங்க, காத்து பட்டு தண்ணி ஆறாது. முள்ளு நடுவுல நிக்கணும். மேல போச்சுன்னா உடனே எடுத்துடுங்க சார், எஞ்சின் பூடும்" என்றார் பட்டறைக்காரர்.

இருள் பிரியுமுன் புறப்பட்டோம். சமவெளியில் அட்டை வேலை செய்தது. காய்ச்சல் கருவி முதன்முறையாக எண் காட்டியது: நூற்றொன்று. "காருக்கு லேசா ஜொரம்" என்று சிரித்தாள்.

மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முள் நடுவைக் கடந்து ஏறியது. தூறலில் இறங்கி அட்டையை உருவினேன். குன்னூருக்கு மேல் முள் சரிந்தது, காற்று குளிர்ந்தது. அட்டையை மீண்டும் செருக வேண்டும் என்று அறிந்திருந்தேன். எஞ்சின் கொதித்து அங்கேயே நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் செருகவில்லை. முன்கண்ணாடியில் ஆவி படிந்து சாலை மறைந்தது; சாலை தெரிய வேண்டுமானால் சன்னலைச் சிறிது இறக்க வேண்டும்; இறக்கினால் அந்தக் காற்று அவள் மேல் படும். இறக்கினேன்.

அவள் கையுறையைக் கழற்றிக் காட்டியபோது மோதிர விரல் இரண்டாம் கணு வரை வெளுத்திருந்தது. வண்டியை நிறுத்தி, அந்தக் கையை என் சட்டைக்குள் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். நிறம் திரும்பவில்லை.

"நேரமாவுது, ஓட்டுங்க. மிச்சம் ஒம்பது வெரலு இருக்குது" என்றாள்.

மருத்துவமனையில் மகளை அறுவை அறைக்குள் கொண்டுபோவதற்கு முன் அவள் கையைத் தாய் இடக்கையால் பிடித்துக்கொண்டாள். வலக்கையைப் புடவைத் தலைப்பில் மறைத்திருந்தாள். பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் நலம்.

இன்று ஆறாவது வாரம். வால்வு காரில் இருக்கிறது. எந்த வேகத்திலும் முள் நடுவில் நிற்கிறது. விரலின் நுனி கறுத்திருக்கிறது. கறுத்த பகுதி தானாக உதிருமா, கணுவோடு எடுக்க நேருமா என்பதை மருத்துவர் இன்னும் சொல்லவில்லை. குன்னூருக்கு மேல் அட்டையைச் செருகியிருந்தால் எஞ்சின் தாங்கியிருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது.